கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது

“கழுத்துல உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா ஸ்கேன் படம் தெளிவா வராது” என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போனாள்.

வினோதாவின் அம்மா மாரியாயி தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இதக் கழட்ட மாட்டேன். உங்கப்பாவுக்கு ஆகாது.”

“மாசக்கணக்கா காத்துக் கெடந்து வாங்குன நாளும்மா. கழுத்துக் கட்டி என்னன்னு பார்த்தாத்தானே மருந்து தருவாங்க?”

“காலையில இருமிக்கிட்டே கெடந்தாரே, இப்ப எப்படியாம்?”

“தூங்குறாராம்.”

“ஒங்கூட வந்ததுக்குப் பதிலா அவரோட வந்திருக்கலாம். கழட்டுன கையோட கட்டிவிட்டிருப்பாரு.”

வினோதா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

மாரியாயி தாலியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி அந்தக் கையில் வைத்தாள்.

“பத்திரம்டீ. லயத்து வீட்டுக்குப் போனதும் அவரு கையாலதான் கட்டிக்குவேன்.”

“சரிம்மா.”

ஸ்கேன் அறைக் கதவு மூடியது. காலையில் பஸ்ஸில் தம்பியிடம் பேசியதுமே அணைத்துவிட்ட போனைத் திறந்து, வினோதா அவனைக் கூப்பிட்டாள்.

“அக்கா, அப்பாவ வைக்கப் பொட்டி வந்திருச்சு. எத்தன மணிக்கு எடுக்கிறதுன்னு கேக்குறாங்க. அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்லடா. சொன்னா ஸ்கேனுக்குப் படுக்காது. முடியட்டும்.”

செய்வது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளங்கையில் தாலி இன்னும் அம்மாவின் சூட்டோடு இருந்தது.