ஆளில்லாத வலை

இந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் தோற்றால் எங்கள் கல்லூரிக்கு இந்த வருஷம் முடிந்தது. கடைசி வருஷம் படிக்கும் பிரிட்டாவுக்கு ஹாக்கியே முடிந்தது. ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம், ஒரு நிமிடம்தான் பாக்கி. தாக்க இன்னோர் ஆள் வேண்டுமென்று பயிற்சியாளர் கோல்கீப்பரான அவளையே வெளியே கூப்பிட்டுக்கொள்கிறார். பெஞ்சில் என் பக்கத்தில் வந்து விழுந்து முகமூடியைத் தூக்குகிறாள். தலையிலிருந்து ஆவி பறக்கிறது. அந்தக் கோடியில் அவள் வலை ஆளில்லாமல் கிடக்கிறது. “என்னால முடியாது, நீ பாத்துச் சொல்லுடி” என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். எதிரணிக்காரி மட்டையால் தட்டிவிட்ட, பந்துக்குப் பதிலான கறுப்பு வட்டு எல்லாரையும் தாண்டி, அவசரமே இல்லாமல், அந்த வலையை நோக்கி வழுக்கிக்கொண்டு போகிறது. எங்களை உற்சாகப்படுத்தப் பெற்றோர் ஆட்டிய மாட்டுமணிகள் நின்றுவிட்டன. துரத்தும் எங்கள் பெண்களின் சறுக்குக் காலணிக் கத்திகள் மட்டும் பனியைக் கீறுகின்றன. “எங்கடி போகுது?” “நேரா வலை நடுவுக்குத்தான்டி” என்கிறேன். அவளுடைய கனத்த கையுறை தானாகத் தாழ்ந்து, வட்டைத் தடுக்கப்போவதுபோல் காலடியில் விரிகிறது.