முத்தாயம்மாள் கொடுத்த சுவர்

பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டுவிட்டு, தேங்காய் மட்டையால் சுவரில் இருந்த படங்களைப் பரபரவென்று தேய்த்தாள் முத்தாயம்மாள். பக்கத்தில் சுண்ணாம்புச் சட்டி தயாராக இருந்தது.

"அம்மா, பொன்னாத்தா அக்கா மொகத்த மட்டும் உட்டுரு," என்று அவள் கையைப் பிடித்தாள் மகள் சாரதாமணி.

"அந்த மொகந்தான் உன்னக் கொல்லப் போவுது. உடு கைய."

சாரதாமணிக்குப் படம் எழுத யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஐந்து வயதில் அடுப்புக்கரியால் கிறுக்கியவளை அடிக்காமல், "இந்தச் செவுரு உன்னுது. ஒரு கோட்டக்கூட அழிக்கமாட்டேன்" என்று சொன்னவள் இதே முத்தாயம்மாள்தான். பதினோரு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கரியும் செம்மண்ணுமாகக் கை தானே பழகிவிட்டது. ஒரு தரம் பார்த்த முகம்கூட அச்சாக வரும்.

ஆளைப் படமாக எழுதினால் ஆயுசு குறையும் என்று ஊரில் ஒரு பயம். ஊரை ஆளும் மணியக்காரர் சென்னியப்பனின் மனைவி பொன்னாத்தாள் பேச வந்திருந்தபோது, சாரதாமணி அவளை எழுதினாள். மறு வாரமே பொன்னாத்தாள் காலராவில் போய்விட்டாள். காலராவைத் திட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. பதினாறு வயசுப் பெண்ணைத் திட்ட எல்லோருக்கும் வந்தது.

சற்று முன்புதான் அடுத்த வீட்டுக் குப்பாயி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள்: "மணியகாரரு உங்க ஊட்டுக்குத்தான் வாராருங்கக்கா. தலையில உருமாலை இல்ல, கையில தடிகூட இல்லீங்க."

வெறுங்கையாலேயே கழுத்தை நெரிக்க வருகிறார் என்றுதான் முத்தாயம்மாளுக்குத் தோன்றியது.

பொன்னாத்தாளின் கண்ணும் சுண்ணாம்புக்குள் போன நேரத்தில் கதவு தட்டப்பட்டது. முத்தாயம்மாள் மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தாழை நீக்கினாள்.

"எம்புள்ள யாரையும் எழுதலீங்க. படம் ஒண்ணுமே இல்லீங்க. வேணும்னா செவுத்தப் பாருங்க."

சென்னியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. சாரதாமணியைத் தேடிப் பார்த்தார். அத்தனை பெரிய மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மிணி, சேலத்துல போட்டோப் புடிச்சுக்கலாம்னு அவ ஆசையாக் கேட்டா. ஆயுசு கொறையும்னு நாந்தான் தடுத்தேன். இப்ப அவ மொகம் எனக்கு மறந்து மறந்து போவுது."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ எழுதுனத ஒருக்காக் காட்டு, சாமி."