இரண்டாவது பிஸ்கட்

“ஜெர்மனியை இவ்வளவு சின்னதாப் போட்டா எப்படி ஹார்மென்? பின்னாடி நம்ம தலையில வந்து விடியும்” என்றான் யோஸ்ட், காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

“உள்ளது உள்ளபடிதான் போட்டிருக்கேன். ஒரு பக்கம் ஜெர்மனி. இன்னொரு பக்கம் பிரிட்டனும் பிரான்சும். ரெண்டு பேர் வருமானத்தையும் கூட்டிப் பாரு. சண்டைன்னு வந்தா ஜெர்மனி ஒரு வருஷம் தாங்காது.”

அது 1939-ஆம் ஆண்டு வசந்த காலம். ஹேக் நகரத்துப் புள்ளிவிவர அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. போர் மூண்டால் எந்த நாடு எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று மேலிடம் கேட்டிருந்தது. நாடுகளின் வருமானத்தை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாராகிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் தீராத வாக்குவாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்மெனின் வீட்டில் தொடர்ந்தது.

பெண்டாட்டி செத்துப்போனவன், ஞாயிற்றுக்கிழமைகூடத் தனியாக உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடிக்கிறானே என்று பரிதாபப்பட்டு யோஸ்டை முதன்முதலில் அழைத்து வந்தது ஹார்மென்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஃபெம்மி பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். காப்பிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட். எடுத்ததும் டப்பா மூடப்படும். அரசாங்கம் மாறினாலும் அந்த ஊரில் இது மாறாது. ஹார்மென் ஒன்று எடுத்தான். யோஸ்ட் ஒன்று எடுத்தான். ஃபெம்மி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“இன்னொண்ணு எடுத்துக்குங்க” என்றாள், யோஸ்டைப் பார்த்து.

ஹார்மெனுக்குப் புரையேறியது. ஒன்பது வருஷத்தில் அவனுக்கு அந்த டப்பாவிலிருந்து இரண்டாவது பிஸ்கட் கிடைத்ததில்லை. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது கெஞ்சிக் கேட்டும், “ஒண்ணு தின்னாச்சில்ல?” என்று டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனவள் அவள்.

“நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க” என்று யோஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவளும் உட்கார்ந்துவிட்டாள். விருந்தாளிக்கு எதிரே அவள் உட்கார்ந்து ஹார்மென் பார்த்ததே இல்லை.

யோஸ்ட் உற்சாகமாகிவிட்டான். “கேளு ஹார்மென். வேலைக்குப் போய்க்கிட்டிருந்த பொண்ணுங்களுக்குக் கல்யாணக் கடன் குடுத்து அடுப்படிக்கு அனுப்பினான் ஜெர்மன்காரன். இப்ப அவங்க வீட்டுல செய்யற வேலை நம்ம அட்டவணையில பூஜ்யம். நாளைக்கே சண்டைன்னா அவங்களைத் தொழிற்சாலைக்குக் கூப்பிடுவான். அப்ப நீ சின்னதுன்னு சொன்ன நாடு பெருசாயிடும்.”

“சம்பளம்னு ஒண்ணு இருந்தாத்தான் அது வருமானம். எவளோ புருஷனுக்குச் சட்டை துவைச்சுப் போடறதை எல்லாம் கூட்டினா ஊரே சிரிக்கும்.”

“எனக்கு இவர் சொல்றதுதான் சரின்னு படுது” என்றாள் ஃபெம்மி.

நாடுகளின் கணக்கைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவள், திறந்த முதல் நாளே அவன் பக்கம்.

சில வாரங்களாகவே ஹார்மென் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். பட்டாணி சூப்பில் தொத்திறைச்சித் துண்டுகள் எல்லாம் யோஸ்டின் தட்டில்தான் மிதந்தன. அப்படி என்ன பெரிய மன்மதன் இவன்? வழுக்கை, தொந்தி, கழுத்து டையில் முட்டைக் கறை. அந்த டையையும் போன வாரம் கேட்டு வாங்கித் துவைத்துக் கொடுத்தவள் ஃபெம்மிதான்.

அவள் எழுந்து காப்பிக் கோப்பைகளை உள்ளே எடுத்துப் போனாள். “இதை விட்டுட்டாங்க” என்று சர்க்கரைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு யோஸ்டும் பின்னாலேயே போனான்.

விருந்தாளிக்குச் சமையலறையில் என்ன வேலை? ஹார்மென் சத்தமில்லாமல் நடந்துபோய்க் கதவோரம் நின்றான்.

“இன்னும் சொல்லலியா?” இது யோஸ்ட்.

“வாய் வரலை. ஒன்பது வருஷம் இருந்த வீடு. பாவம், மனுஷன் என்ன ஆவாரோ.”

“வேணும்னா நான் சொல்றேன்.”

“வேண்டாம். நான் சொல்றதுதான் முறை.”

ஹார்மென் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். “என்னடா சொல்லணும்? நீ தனியா சாப்பிடறியேன்னு கூட்டிட்டு வந்தேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியேடா.”

“நான் யார்கிட்டேருந்தும் எதையும் திருடலை ஹார்மென்” என்றான் யோஸ்ட் அமைதியாக.

“இவளைக் கூட்டிட்டுப் போகப் பாக்கறியே, அதுக்கு வேற பேரு இருக்கா? இவ எங்கயும் வர மாட்டா. காலையில எழுந்தா இவ முகம், ராத்திரி வீட்டுக்கு வந்தா இவ கைச் சாப்பாடு. இவ இல்லாம எனக்கு...” தன் வாயிலிருந்து இப்படியெல்லாம் வரும் என்று அவனே நினைத்திருக்கவில்லை. “இவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

ஃபெம்மி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

“மாசக் கடைசி வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள வேற சமையல்காரியப் பாத்துக்குங்க” என்றாள். “இதே வார்த்தையைச் சொல்லி என்னைக் கட்டிக்கிறியான்னு நீங்க கேப்பீங்கன்னு ஒன்பது வருஷம் சம்பளத்தை வாங்கிக்கிட்டுக் காத்திருந்தேன், இவர் போன வாரம் கேட்டுட்டார்.”