கார்டு தெரியவில்லை

தேன்மொழியின் லேப்டாப், தனிப் பெட்டியில் வைத்து இணைத்திருந்த கிராபிக்ஸ் கார்டை மூன்று நாளாகக் கண்டுகொள்ளவே இல்லை. கார்டு இல்லாமல் அனிமேஷன் முடியாது. இன்று மாலை ஐந்துக்குள் அதை அனுப்பினால்தான் சிங்கப்பூர் வேலை.

கணவன் காளிதாஸ் தினமும் வேலைவிட்டு வந்ததும் அவளோடு உட்கார்ந்தான். இன்று லீவே போட்டுவிட்டான். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினான். கார்டைக் கழற்றி மாட்டினான். விசிறி சுற்றியதே தவிர, திரையில் கார்டு வரவில்லை.

“கேபிளா இருக்குமோங்க?”

“கேபிள் நல்லாத்தான் இருக்கு லா.”

மணி ஐந்தானது. காளிதாஸ் பெருமூச்சு விட்டான்.

“விடு தேனு. இங்க நம்ம ஊரு தெப்ராவ்லயே வேலை கிடைக்கும். நீ சிங்கப்பூர் போய்ட்டா வாரத்துக்கு ஒரு நாள்தானே பாப்போம்?”

தேன்மொழி லேப்டாப்பை மூடினாள்.

“நீங்க மாத்தி வச்சது வெறும் சார்ஜர் கேபிள், அதுல டேட்டா போகாது. சரியான கேபிள் உங்க கார் சீட்டுக்கு அடியில இருக்கு. முதல் நாளே பார்த்துட்டேன். நேத்துப் பகல்ல என் ஃபிரெண்டு லோஷினி வீட்டுக்குப் போய் அவ கம்ப்யூட்டர்ல முடிச்சு அனுப்பிட்டேன்.”

“அப்புறம் ஏன் இன்னிக்கும் எங்கூட உக்காந்திருந்தே?”

“ஐஞ்சு மணிக்குள்ளயாச்சும் நீங்களே எடுத்துட்டு வந்து மாட்டிடுவீங்கன்னு பார்த்தேங்க.”