கையெழுத்து இல்லாத கடிதம்

அந்த மொட்டைக் கடுதாசியை டைரக்டர் இராஜமாணிக்கம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். படித்துவிட்டு, இப்படி ஒரு மூளை இந்த ஆபீஸில் இருப்பது இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றார். அய்யாசாமிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ராத்திரி பகலாக உட்கார்ந்து அதை டைப் அடித்தவர் அவரல்லவா!

எல்லாம் வயிற்றெரிச்சலில் எழுதியதுதான். அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, கிட்வாய் நகரில் எதிர்வீட்டிலேயே குடியிருக்கிற பரமசிவம், பம்பாயில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு சஃபாரி சூட்டோடு வந்து இறங்கியிருந்தார். வரப்போகிற மெஷினுக்கு ஏசி அறையாம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமாம், அந்தச் சன்னிதிக்குப் பரமசிவம்தான் பூசாரியாம். அய்யாசாமிக்கு ஒரு வாரமாய்ச் சோறு இறங்கவில்லை.

அதனால் எழுதினார். இந்த மெஷின் காகிதத்தைக் குறைக்காது, இரட்டிப்பாக்கும். தின்னத் தின்ன அதற்குப் பசி கூடும். இன்றைக்கு ஒரு பீரோ நிறையத் துளை போட்ட அட்டை கேட்பது, ஐந்து வருஷத்தில் ஒரு கட்டடத்தையே கேட்கும். ஆளைக் குறைக்கும் என்கிறவர்கள், அதற்கு ஊழியம் பண்ண எத்தனை ஆள் வேண்டும் என்று யோசித்தார்களா?

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பத்தியில் எரிச்சல் வழிந்துவிட்டது. டைரக்டர் வீட்டம்மாவுக்குக் காஞ்சிபுரம் பட்டு கொடுத்துத்தான் பரமசிவம் பம்பாய் போனார் என்று ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டார்.

டைரக்டர் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. தாளை அதற்கு மேலே மடித்துக்கொண்டார். பதரைத் தள்ளி மணியைப் பொறுக்கத் தெரிந்த மனுஷர் என்று அய்யாசாமி உருகிப்போனார்.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு இப்படி முன்னால் பார்க்கத் தெரிந்தவர்தான் தலைவராக வரவேண்டும், எழுதியவர் கூச்சப்படாமல் தன் அறைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு டைரக்டர் உள்ளே போனார். பரமசிவமோ கடிதத்தின் பக்கமே திரும்பவில்லை. வரிசையாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

போவதா வேண்டாமா என்று அய்யாசாமி தவித்தார். பெயரில்லாமல் எழுதியதை எந்த முகத்தோடு சொல்வது? வேண்டாம் என்று ஃபைலைப் பிரித்தவர், நிமிர்ந்து பார்த்தால், பரமசிவம் டைரக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறார்.

எழுதினது நான், நாற்காலி இவனுக்கா? கண் மண் தெரியாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"சார், இவர் எழுதல சார். நான்தான் எழுதினேன்."

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாமா?"

"ஒரு எழுத்து விடாம சார். கடைசி வரி வரைக்கும்."

டைரக்டர் அய்யாசாமியைப் பார்க்கவில்லை. பரமசிவத்தின் பக்கம் திரும்பினார்.

"புகழ்ந்தா மத்தியானத்துக்குள்ள தானா வந்துடுவாருன்னீங்க, பரமசிவம். மணி பதினொண்ணுகூட ஆகல."