ஏரி பார்க்க வந்தவர்

வைகாசி வெயிலில் ரொறன்ரோவில் ஏரி மினுங்கியது. மகனின் கையைப் பிடித்து நடந்த கனகரத்தினம் கரையில் நின்றார்.

“என்ரை பார்வை முழுசாப் போகமுதல் ஏரியைக் காட்டவேணும் எண்டு போனிலை அழுதனீ. அதுதான் ஊரிலையிருந்து வந்தனான்.”

நிரோஷன் திகைத்தான். “கண்ணுக்கு என்னப்பா?”

“ஒவ்வொரு பின்னேரமும் இதைத்தானே கதைச்சனாங்கள், தம்பி.”

“அது நானில்லையப்பா. வேலைக் கரைச்சலிலை, என்ரை குரலிலை கதைக்கிற மிஷின் ஒண்டை வச்சிருக்கிறன். இஞ்சை எல்லாரும் வச்சிருக்கினம். முக்கியமான விசயமெண்டால் அது எனக்குச் சொல்லும்.”

“ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு நான்தான் கேட்டனான்.”

மகனின் கையை விட்டுவிட்டு, கனகரத்தினம் சட்டைப்பையைத் தடவிப் போனை எடுத்தார்.

“ஆருக்கப்பா?”

“பின்னேரத்திலை என்னோடை கதைக்கிறவனுக்குத்தான். ஏரியைக் கண்டிட்டன் எண்டு சொல்லவேணும். நான் எடுப்பன் எண்டு பாத்துக்கொண்டிருப்பான்.”