ஊறிப்போன ஊதா

ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலையை மழை மறைக்கிறது. கூட்டத்திலிருந்து ஓடிவந்த ஈரச் செருப்போடு நான் நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறேன். கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று நாள் கோழிக்கரு, என் சின்ன விரல் நகத்தளவு. நரம்பு முகட்டுச் செல்கள் அதன் முதுகோரத்திலிருந்து கிளம்பி முகத்தைக் கட்டப் போகும். நாங்கள் தேடும் மரபணு அவற்றில் மட்டுமே இயங்கும். சாயம் அவற்றை மட்டுமே ஊதாவாக்க வேண்டும். அவை ஊதாக் கோடாகத் தெரிந்ததும் சாயத்தைக் கழுவிவிட வேண்டும்; விட்டால் கரு முழுக்க ஏறிவிடும். இங்கே தலை, வால், இதயம் எல்லாமே கத்தரிக்காய் நிறம்.

"பத்து மணிக்குக் கழுவச் சொன்னேனே யுகேஷ். இப்ப ஒன்றரை."

ஆய்வுகூட உதவியாளர் யுகேஷ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தேயிலைத் தோட்ட ஊரான புசல்லாவைக்காரர். அலுமினியத் தாள் சுற்றிய சாயக் குப்பியைத் துடைத்தபடி நிற்கிறார். "கலர் வெளுப்பா இருந்துச்சுங்க மிஸ். தேத்தண்ணி மாதிரி இன்னும் கொஞ்சம் ஊறட்டும்னு விட்டேன்." குரலில் பெருமை வேறு. பன்னிரண்டு கருக்களும் இப்படித்தான். ஐந்து நாள் வேலை. நாளைக் காலை இதைப் பார்க்கவே கொழும்பிலிருந்து பேராசிரியர் வருகிறார். அவரே பார்க்கட்டும் என்று கதிரையை விட்டு எழுகிறேன். யுகேஷ் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, நிதானமாகப் பார்க்கிறார்.

"அழகா வந்திருக்குங்க மிஸ். இதுல முகத்துக்குப் போற செல்லு எது?"

"இண்டைக்கு எல்லாமேதான்," என்கிறேன்.